கம்பெனிப் பங்கு தள்ளுபடியில் கிடைக்கிறதாம், சேரலாமா? எங்கள் ஊழியர் பங்குத் திட்டத்துக்கு என் மதிப்பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேருங்கள். கம்பெனி தன் பங்கைத் தள்ளுபடி விலையில் தருகிறது, வீட்டுச் செலவு போக மாதம் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது என்றால் சேராமல் இருக்கக் காரணமே இல்லை. ஆனால் சேரச் சொல்லிக் கம்பெனி அனுப்பும் மின்னஞ்சலோடு வருகிற விளம்பரத் தாளை நம்பிச் சேராதீர்கள். எங்களுக்கு வந்த தாளில் ஒரு செடி, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் பல நிறக் கைகள், கீழே "நீங்களும் உரிமையாளரே, நீடித்த பொருளியல் வளர்ச்சியில் பங்காளியாகுங்கள்" என்று ஒரு வாசகம். தள்ளுபடி உண்மை. செடி கொஞ்சம் ஓவர்.

மதிப்பெண் வேண்டுமா? தள்ளுபடிக்கு ஐந்துக்கு ஐந்து. பங்கு வைத்திருக்கும் இணையத்தளத்துக்கு இரண்டு. உரிமையாளர் என்ற பேச்சுக்கு ஒன்று, அதுவும் படம் அழகாக இருந்ததற்காக.

நான் வேலை பார்ப்பது அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியின் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வருகிறது. சில ஆண்டுகளாக இந்தத் திட்டத்தில் இருக்கிறேன். வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன், வரியும் கட்டியிருக்கிறேன். தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) யாரையாவது பார்த்தால் வேலை எப்படிப் போகிறது என்ற பேச்சு முடிந்ததும் அடுத்து வரும் கேள்வி, "அந்த ஷேர் விஷயம், சேரலாமாண்ணே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

இந்த ஊழியர் பங்கு வாங்கும் திட்டத்தை வேலையிடத்தில் இஎஸ்பிபி என்போம். ஆண்டுக்கு இருமுறை பதிவு திறக்கும். அடிப்படைச் சம்பளத்தில் எத்தனை விழுக்காடு பிடிக்க வேண்டும் என்று ஒன்று முதல் பதினைந்துக்குள் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே வருவார்கள், கடைசி நாளில் சேர்ந்திருக்கும் காசுக்கு மொத்தமாகப் பங்கு வாங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். ஆறு மாதத்தின் முதல் நாள் விலை, கடைசி நாள் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதில் 15 விழுக்காட்டைக் கழித்தால் வருவதுதான் நமக்கு விலை. இந்த 15 சும்மா வந்ததில்லை, அமெரிக்க வரிச் சட்டத்தின் 423ஆம் பிரிவு அனுமதிக்கும் உச்சத் தள்ளுபடியே அவ்வளவுதான், ஓர் ஆண்டுக்கு ஓர் ஆள் 25,000 டாலர் மதிப்புக்கு மேல் வாங்கவும் அது விடாது. அமெரிக்கக் கம்பெனிகள் பல, அந்த ஊருக்கு எழுதிய திட்டத்தையே கொஞ்சம் தட்டி மாற்றி மற்ற நாடுகளுக்கும் அனுப்பிவிடுகின்றன. உள்ளூரில் டிபிஎஸ், ஓசிபிசி போன்ற வங்கிகளிலும் ஊழியர்கள் பங்கு வாங்கும் திட்டம் உண்டு, விதிகள்தான் வேறு வேறு, ஆகவே நான் சொல்லும் கணக்கை அப்படியே உங்கள் கம்பெனிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

சரி, கணக்கு. ஆறு மாதத்தில் உங்களுக்கு 1,800 அமெரிக்க டாலர் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பங்கு விலை 50, கடைசி நாள் 60. குறைந்தது 50, அதில் 15 விழுக்காடு போனால் 42.50. அந்த விலைக்கு 42 பங்கு வரும், 1,785 டாலர் ஆகும், மீதி 15 டாலரை அடுத்த தவணைக்குத் தள்ளிவிடுவார்கள். கையில் இருக்கும் பங்கின் சந்தை மதிப்பு 2,520. அதாவது 735 டாலர் லாபம், போட்ட காசில் 41 விழுக்காடு. விலை ஏறாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாருக்கும் பயம். 50 இருந்தது 40க்கு வந்துவிட்டது என்றால் உங்கள் விலை 34, 52 பங்கு வரும், 1,768 டாலர் செலவு, மதிப்பு 2,080. அப்போதும் 312 டாலர் மிச்சம். இறங்கினாலும் 17 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிற சேமிப்பு இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? சிங்கப்பூரில் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு தருகிறது. இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், சேமநிதியில் ஆபத்து இல்லை, இதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் இருக்கும் ஆபத்து, பங்கு கணக்கில் விழுந்த நிமிடத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. விழுந்த உடனே விற்றால் பெரும்பாலும் தள்ளுபடி அப்படியே கைக்கு வந்துவிடும்.

உங்கள் திட்டத்தில் அந்த "இரண்டில் குறைந்த விலை" விதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். லுக்பேக் என்பார்கள். அது இல்லாமல் வெறும் தள்ளுபடி மட்டும் என்றாலும் பரவாயில்லை, ஆனால் வாங்கியபின் ஓராண்டு, ஈராண்டு விற்கக்கூடாது என்று பூட்டு போட்டிருந்தால் கதையே வேறு. அந்தத் திட்டத்துக்கு நான் இவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன்.

இவ்வளவு நல்ல திட்டத்தில் எங்கள் உற்பத்திப் பிரிவில் பலர் இல்லை. ஏன் என்று கேட்டால் எச்ஆர் ஆட்கள் "விழிப்புணர்வு போதவில்லை" என்பார்கள். அதெல்லாம் இல்லை. எங்கள் ஷிஃப்டில் மூத்த டெக்னீஷியன் ஒருவர், மூன்று பிள்ளைகள், மனைவி வேலைக்குப் போகவில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்து இதே கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், "கணக்கு சரிதான் தம்பி. ஆனா ஆறு மாசம், மாசா மாசம் நானூறு வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) பிடிச்சுட்டா நான் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கும் டியூஷனுக்கும் எதைக் கட்டுறது? அதுவும் சம்பளமும் இவன்கிட்ட, சேமிப்பும் இவன்கிட்டேயா?" என்றார். ஏற்கெனவே 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு சேமநிதிக்குப் போய்விடுகிறது, மிஞ்சும் எண்பதில் இன்னொரு பத்து என்பது 4,000 வெள்ளிக்காரருக்கும் 12,000 வெள்ளிக்காரருக்கும் ஒரே பத்தில்லை. ஆக தள்ளுபடியை முழுசாக அள்ளிக்கொள்வது யார்? பதினைந்து விழுக்காட்டையும் பிடிக்கச் சொல்லிவிட்டு அப்படி ஒன்று பிடிப்பதையே மறந்துவிடக் கூடிய மேலாளர்கள். சுத்தம் செய்யும் அக்காக்கள், பாதுகாவலர்கள், ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்கள் இவர்கள் யாருக்கும் அந்த மின்னஞ்சலே வராது, ஏனென்றால் அவர்கள் கம்பெனியின் ஊழியர்களே இல்லை. செடியைத் தாங்கும் கைகளில் அவர்கள் கை இல்லை.

இப்போது இணையத்தளம். பங்குகளைக் கம்பெனி வைத்திருப்பதில்லை, அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் கணக்கில் இருக்கும், அதன் வாசல் வழியாகத்தான் எல்லாம். பெயரைப் பதிவதில் இருந்தே தொல்லை ஆரம்பம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தான் பின்னால் வரும், சிலர் அடையாள அட்டையில் இருக்கிறபடி எஸ்/ஓ (இன்னாரின் மகன்) போட்டு எழுதுவார்கள், அந்தச் சாய்வுக் கோட்டை அது ஏற்காது. அட்டையில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி என்று ஆகி, காசை வங்கிக்கு அனுப்பும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்த கதை எங்கள் பிரிவில் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆரம்பத்திலேயே வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

அடுத்து டபிள்யூ-8பென் என்ற படிவம். நான் அமெரிக்கன் இல்லை என்று அமெரிக்க வரித்துறைக்குச் சொல்லும் தாள் அது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டு முடியும் வரைதான் செல்லும், புதுப்பிக்க நினைவூட்டல் வருகிறது, ஆனால் குப்பை அஞ்சலில் போய் விழுகிறது. புதுப்பிக்காவிட்டால் விற்ற காசிலேயே வரியைப் பிடித்து வைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, ஆகவே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். லாப ஈவு கொடுத்தால் அதில் 30 விழுக்காட்டை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும், சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை என்பதால் அதைக் குறைக்க வழி கிடையாது.

விற்பது இரவு வேலை. அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 9.30க்கும் குளிர்காலத்தில் 10.30க்கும் திறக்கும். பகலில் விற்பனை உத்தரவு போட்டு வைக்கலாம், சந்தை திறந்ததும் என்ன விலை இருக்கிறதோ அதற்குப் போய்விடும் என்பதால் நான் குறைந்தபட்ச விலை குறிப்பிட்டுத்தான் போடுவேன். இரவு ஷிஃப்ட்டில் இருந்தால் தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, அது இன்னொரு கொடுமை. விற்ற மறுநாள் காசு தரகுக் கணக்கில் வந்துவிடுகிறது, 2024 மே மாதத்தில் இருந்து அங்கே அப்படி மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தக் காசு சிங்கப்பூர் வங்கிக்கு வந்து சேர்வதற்குள் அனுப்பும் கட்டணம், நம் வங்கி பிடிக்கும் கட்டணம், டாலரை வெள்ளியாக்கும் விகிதத்தில் மறைத்து எடுப்பது என்று மூன்று இடத்தில் கரையும். முதல் இரண்டு கட்டணமும் பெரும்பாலும் தொகையைப் பொறுத்தவை இல்லை, ஒவ்வொரு முறைக்கும் ஒரே அளவு. சின்னச் சின்னதாக விற்று அனுப்பாதீர்கள், சேர்த்து அனுப்புங்கள். உதவிக்கு அழைத்தால் வருபவர் நல்லவர்தான், ஆனால் சிங்கப்பூர் வரி பற்றி ஒன்றும் தெரியாது, "உங்கள் வரி ஆலோசகரைக் கேளுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார். உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு எங்கிருந்து வந்தார் வரி ஆலோசகர்?

ஆலோசகர் இல்லாதவர்களுக்காக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மூலதன லாபத்துக்கு வரி இல்லை, ஆகவே பங்குக்கும் வரி இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. வாங்கிய நாளில் சந்தை விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்காகும். மேலே சொன்ன முதல் கணக்கில் அந்த 735 டாலர் முழுவதும் வருமானம், நீங்கள் விற்றாலும் விற்காவிட்டாலும். ஆண்டுக்கு 40,000 முதல் 80,000 வெள்ளி வரையிலான வருமானப் படியில் இருந்தால் 7 விழுக்காடு, அதாவது சுமார் 51 டாலர். அழ வேண்டிய தொகை இல்லை. அதற்குப் பிறகு விலை ஏறி விற்றால் அந்த ஏற்றத்துக்குத்தான் வரி இல்லை. வாங்கியபின் விற்கக்கூடாது என்ற பூட்டு இருந்தால் பூட்டு திறக்கும் நாள் விலையை வைத்துக் கணக்கிடுவார்கள். பெரிய தொகை வந்து கட்டக் காசில்லை என்றால் ஐந்து ஆண்டு வரை தள்ளிக் கட்டும் ஏற்பாடு சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸிடம் இருக்கிறது, தகுதி விதிகள் உண்டு, வட்டியும் உண்டு.

எம்பிளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வேலையை விட்டுப் புறப்படும்போது கம்பெனி வரித்துறைக்கு ஐஆர்21 படிவம் கொடுத்து, வரி தீரும் வரை உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், இன்னும் உங்கள் கைக்கே வராத பங்குகள், அதாவது ஆர்எஸ்யூ (கம்பெனி தருவதாக வாக்களித்த பங்கு) மாதிரி ஆண்டு வாரியாகக் கைக்கு வருபவை, வேலையை விட்டதும் ரத்தாகாவிட்டால் அவற்றையும் வந்துவிட்டதாகவே பாவித்து வரி போடுவார்கள். வேலை முடிவதற்கு ஒரு மாதத்துக்கு முந்தைய விலைதான் பொதுவாக அடிப்படை. நிரந்தரவாசி நிரந்தரமாகப் புறப்பட்டாலும் இதே விதிதான். பிறகு உண்மையில் குறைந்த விலைக்கு வந்து சேர்ந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் ஊருக்குப் போய் உட்கார்ந்த பிறகு எத்தனை பேர் கேட்கிறார்கள்? அதோடு இந்தியாவுக்குத் திரும்பி அங்கே முழு வரிவாசி ஆகிவிட்டால் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்தப் பங்குகளைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் பத்து லட்சம் ரூபாய், 2024 அக்டோபரில் இருந்து வீடு, நிலம் அல்லாத வெளிநாட்டுச் சொத்து மொத்தம் இருபது லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் அந்த அபராதம் இல்லை.

தாளில் போட்டிருந்த பெரிய வாசகத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தை வெறும் தள்ளுபடிக் கூப்பனாக விற்றிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உரிமையாளர், நீடித்த வளர்ச்சி என்றெல்லாம் சொல்லிவிட்டதால் அதையும் எடை போட வேண்டியிருக்கிறது.

சில காலத்துக்கு முன் எங்கள் கம்பெனி உலகம் முழுவதும் ஆட்குறைப்பு அறிவித்தது. எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு பிரிவை மூடினார்கள். அறிவிப்பு வந்த இரவு நான் அந்த இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன், பங்கு விலை ஏறியிருந்தது. பச்சை நிறத்தில் அம்புக்குறி, என் கணக்கின் மொத்த மதிப்பு முந்தைய நாளை விடக் கூடுதல். காலையில் அதே பிரிவு ஆட்கள் அட்டைப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் சிலரும் இதே பங்கை வைத்திருந்தவர்கள்தான். உரிமையாளர் என்ற முறையில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டத்துக்கு வாக்களிக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும், நான் ஒவ்வொரு முறையும் வாக்களிக்கிறேன், உயர் நிர்வாகிகளின் சம்பளத்துக்கு வேண்டாம் என்று போடுகிறேன், அது தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆதரவோடு நிறைவேறுகிறது. ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருப்பதே கம்பெனியில் ஒரு துளி. அந்தத் துளியில் விலையேற்றம் மட்டும் நமக்கு வரும், பேச்சுரிமை வராது.

உண்மையில் இந்த யோசனை பிறந்தது இப்படி இல்லை. லூயிஸ் கெல்சோ என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1956இல் கலிபோர்னியாவில் பெனின்சுலா நியூஸ்பேப்பர்ஸ் என்ற பத்திரிகைக் கம்பெனிக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். உரிமையாளர்களுக்கு வயதாகிவிட்டது, விலக வேண்டும், ஊழியர்களிடம் வாங்கக் காசில்லை. அவர் ஓர் அறக்கட்டளை வைத்து அதன் பெயரில் பங்கை வாங்கவைத்து, கம்பெனியின் வருங்கால லாபத்தில் இருந்தே விலையை அடைக்க ஏற்பாடு செய்தார். கவனியுங்கள், ஊழியரின் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை. இயந்திரங்கள் பெருகப் பெருக வருமானம் உழைப்பை விட்டு மூலதனத்தின் பக்கம் போகும், ஆகவே உழைப்பவன் கையிலும் மூலதனம் இருந்தால்தான் பொருளியல் நிற்கும் என்பது அவருடைய வாதம். 1974இல் அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வந்தது. எங்கள் தாளில் செடி வரைந்தவர் கெல்சோவின் வாதத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய வழியை விட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் டெக்னீஷியன் நானூறு வெள்ளி இல்லாமல் வெளியே நிற்பது அந்த வழியில் நடந்திருக்காது.

பிரிட்டனில் ஜான் லூயிஸ் கடைகள் இன்னொரு விதம். 1929இல் கடையை ஆரம்பித்தவரின் மகன் ஸ்பீடன் லூயிஸ் கடையை ஊழியர்களுக்காக ஓர் அறக்கட்டளைக்கு மாற்ற ஆரம்பித்தார். அங்கே ஊழியரைப் பார்ட்னர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் தனியாகப் பங்கை எடுத்து விற்க முடியாது, லாபம் வந்தால் போனஸாகப் பிரியும். 2020இல், 1953க்குப் பிறகு முதன்முறையாக, அடுத்த ஆண்டு போனஸ் இல்லை என்று அறிவித்தார்கள். மொத்த நாடும் அதைப் பற்றிப் பேசியது. நஷ்டத்தையும் சேர்ந்து சுமப்பது என்றால் இதுதான். ஸ்பெயினில் பாஸ்க் நாட்டின் மோன்ட்ரகோன் கூட்டுறவு, அதுவும் 1956, ஒரு பாதிரியாரின் தொழிற்பள்ளி மாணவர்கள் தொடங்கியது. அங்கே உறுப்பினர் ஆக ஊழியர் தன் காசும் போட வேண்டும், ஆனால் ஆளுக்கு ஒரு வாக்கு. 2013இல் அதன் பெரிய கம்பெனியான ஃபாகோர் திவாலானபோது உறுப்பினர்கள் போட்ட காசை இழந்தார்கள், ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. நீடித்த வளர்ச்சி என்ற சொல்லை நான் யாருக்காவது விட்டுக்கொடுப்பேன் என்றால் இவர்களுக்குத்தான்.

எல்லாமே ரோஜாப்பூ இல்லை. அமெரிக்க விமானக் கம்பெனி யுனைடெட் ஏர்லைன்ஸின் ஊழியர்கள் 1994இல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 விழுக்காடு பங்கை வாங்கினார்கள், 2002 டிசம்பரில் அது திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானில் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்கிலேயே கிடந்தது, 2001 இறுதியில் வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு. "சம்பளமும் இவன்கிட்ட, சேமிப்பும் இவன்கிட்டேயா" என்று கோப்பிக் கடையில் கேட்டாரே, அவர் என்ரான் பற்றிப் படித்ததில்லை.

நம் ஆட்களுக்கு ஃப்ரெஷ்வொர்க்ஸ் சொன்னால்தான் புரியும். கிரீஷ் மாத்ருபூதம் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு 36 டாலர் விலையில் வந்தது, 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று நாளிதழ்கள் எல்லாம் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயம்தான், அந்தப் பங்கு சின்னப் பதவியில் இருந்தவர்களுக்கும் போயிருந்தது. ஆனால் மறு ஆண்டே விலை 36இல் பாதிக்கும் கீழே போனது. சிங்கப்பூரில், ஷாப்பி இணையக் கடையை நடத்தும் சீ கம்பெனியின் கதை அதை விடக் கூர்மை, 2017இல் 15 டாலருக்குப் பட்டியலானது 2021 அக்டோபரில் 350ஐத் தாண்டி 2022இல் 50க்கும் கீழே வந்தது. உச்சத்தில் பங்காகச் சம்பளம் பேசி வேலைக்குச் சேர்ந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்த ஊர் மக்களுக்குப் பங்கு ஒன்றும் புதிதும் இல்லை, 1993இல் தொலைத்தொடர்புக் கம்பெனி சிங்டெல் பட்டியலானபோது சேமநிதி வழியாகத் தள்ளுபடி விலையில் குடிமக்களுக்குக் கொடுத்தார்கள், எத்தனையோ வீடுகளில் அம்மா அப்பா பெயரில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது விற்காமல் வைத்ததால் பயன் பெற்ற தலைமுறை. எங்கள் மாதிரித் திட்டத்தில் விற்காமல் வைப்பதுதான் ஆபத்து.

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தட்டுகிறது, அதைத் தீர்த்துவிட்டதாக நடிக்கவும் விரும்பவில்லை. எனக்கு எது நல்லது என்று கேட்டால், வாங்கு, விற்று வேறு இடத்தில் போடு. கம்பெனி நிலைக்க எது நல்லது என்று கேட்டால், ஊழியர்கள் பங்கை வைத்திருந்து வாக்கோடு உட்கார வேண்டும், காலாண்டு லாபத்தை மட்டும் பார்க்கும் கூட்டத்துக்கு எதிராக ஒரு கனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திட்டத்தில் நடக்காது. ஊழியர் தன் சம்பளத்தைப் போட்டு வாங்கும் வரை அவர் விற்கத்தான் செய்வார், விற்கச் சொல்லித்தான் நானும் சொல்வேன். லாபத்தில் இருந்து, அறக்கட்டளை வழியாக, எல்லாப் படிநிலைக்கும் போனால்தான் வைத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரும். பிரிட்டன் 2014இல் அதற்கு வரிச்சலுகையோடு ஒரு வழி திறந்தது, ரிச்சர் சவுண்ட்ஸ் என்ற கடையின் முதலாளி 2019இல் 60 விழுக்காட்டை ஊழியர் அறக்கட்டளைக்கு மாற்றினார், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டும் கொடுத்தார். காக்கி புக்கிட், ஈசூன் பக்கம் எத்தனை சின்னப் பட்டறைகள் இருக்கின்றன, முதலாளிக்கு எழுபது வயது, பிள்ளைகள் வேறு வேலையில், இருபது முப்பது ஆண்டு கூடவே இருந்த ஃபோர்மேனுக்குத் தொழில் தலைகீழ்ப் பாடம். விற்றால் வாங்குகிறவர் இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவார். அந்த இடத்தில்தான் இந்த யோசனைக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது, எங்கள் மாதிரிப் பெரிய கம்பெனியின் விளம்பரத் தாளில் இல்லை.

நான் செய்வது இது. பத்து விழுக்காடு பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பங்கு கணக்கில் வந்து விழுந்ததும் பெரும்பகுதியை விற்றுவிடுவேன், கொஞ்சம் மட்டும் வைத்திருப்பேன். என் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பெனிப் பங்கு போகக்கூடாது என்பது எனக்கு நானே வைத்த கோடு. கையில் மூன்று மாதச் செலவுக்குக் காசு இல்லாதவர், கடன் அட்டையில் பாக்கி ஓடுகிறவர் முதலில் அதைச் சரி செய்யட்டும், இந்தத் திட்டம் அடுத்த பதிவிலும் திறந்துதான் இருக்கும். பதினைந்து போட முடியாவிட்டால் இரண்டு விழுக்காடு போட்டு ஆரம்பியுங்கள், இடையில் முடியவில்லை என்றால் பெரும்பாலான திட்டங்களில் வெளியேறி, பிடித்த காசைத் திரும்ப வாங்கலாம். கம்பெனி எனக்குக் காது கொடுத்தால் கேட்பது ரெண்டுதான். கீழ்ப்படி ஊழியர்களுக்கு அவர்கள் காசு கேட்காமல் ஆண்டுக்குச் சில பங்காவது கொடுங்கள். விளக்கக் கூட்டத்தைத் தமிழ், மலாய், மாண்டரினிலும் நடத்துங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிட ஆங்கிலச் சிலைடுகளை ஓட்டிவிட்டு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. அமெரிக்கப் பங்கை வைத்துக்கொண்டே ஒருவர் இறந்துவிட்டால், அவர் அமெரிக்கர் இல்லை, அங்கே வசிப்பவரும் இல்லை என்றாலும், 60,000 டாலருக்கு மேல் உள்ள மதிப்புக்கு அமெரிக்கா வாரிசு வரி கேட்கும், 40 விழுக்காடு வரை போகும். சிங்கப்பூர் 2008 பிப்ரவரியிலேயே அப்படிப்பட்ட வரியை எடுத்துவிட்டதால் இங்கே யாருக்கும் அந்த நினைப்பே இல்லை. நீண்ட காலம் விற்காமல் சேர்த்து வைத்த மேலாளர்கள் பலர் அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டியிருப்பார்கள். அதோடு சேமநிதிக்கு நீங்கள் எழுதி வைத்த நியமனம் இந்தத் தரகுக் கணக்குக்குச் செல்லாது. உயில் எழுதாவிட்டால் வாரிசுச் சட்டப்படி போகும், அமெரிக்கத் தரகு நிறுவனத்தோடு வீட்டில் இருப்பவர்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். கணக்கு எங்கே இருக்கிறது, எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிந்தது என்பதையாவது ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள்.